வெளியே பூட்டு, உள்ளே குறட்டை

வேறு ஊரில் பட்டப்பகலில் ஒரு வீட்டு வாசலில் பூட்டுத் தொங்கினால் உள்ளே யாரும் இல்லை என்று பொருள். நெய்வேலி நகரியத்தில் அப்படி இல்லை. பூட்டுத் தொங்கினால் உள்ளே ஒருவர் தூங்குகிறார் என்று பொருள். நைட் ஷிப்ட் முடித்து வந்த மனிதர் குளித்து, இட்லி சாப்பிட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கிக்கொண்டு படுத்துவிடுவார். வீட்டுக்காரி வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவாள். பின்கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கும். எழுந்தால் அவர் அந்த வழியாக வெளியே வரலாம். பூட்டைப் பார்த்ததும் கீரைக்காரிகூடக் குரலைத் தணித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள். எங்கள் பிளாக்கில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத சட்டம் இது.

இந்தச் சட்டம் தெரியாத ஒரு பேரூராட்சியால்தான் நாங்கள் கோர்ட்டுப் படி ஏறினோம். முதலில் அவர்கள் எங்களை இழுத்தார்கள், பிறகு நாங்கள் அவர்களை இழுத்தோம். பேரூராட்சியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் எங்களுக்கு இன்னும் ஒரு பலா மரம் இருக்கிறது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

நானும் என் வீட்டுக்காரரும் கோயம்புத்தூர்ப் பக்கம். அவருக்குச் சுரங்கத்தில் வேலை, கன்வேயர் பெல்ட் ஓடும் பிரிவில். எனக்கு நகரியத்திலேயே ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர் உத்தியோகம். அவரிடம் சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, சினிமாவுக்குக் கூப்பிட்டால் தூக்கம் வருகிறது என்பார். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் ஜாமீன் கையெழுத்து.

அது என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்க வேண்டுமென்றால், பர்மனென்ட் ஆன இன்னொரு தொழிலாளி ஜாமீன் போட வேண்டும். கடன்காரர் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் யாரும் லேசில் போட மாட்டார்கள், யாருடைய கையெழுத்தையும் சங்கம் லேசில் ஏற்காது. எங்கள் வீட்டுக்காரர் கையெழுத்து என்றால் சங்கத்தில் மறுபேச்சே இல்லை. ஒருவர் கடன் தீரும் வரை அடுத்தவர் காத்திருந்து வாங்கிப் போவார். வந்தவரை உட்கார வைத்து, என்னைக் காப்பி போடச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முழுப்பெயரையும் இழுத்து இழுத்து எழுதுவார். நான் காப்பி ஆற்றி முடித்துவிடுவேன், அவர் இனிஷியலைத் தாண்டியிருக்க மாட்டார். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டால்கூட அவருக்கு அவ்வளவு சந்தோஷம் வராது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் குறட்டை விடுவார். சும்மா இல்லை, பெல்ட்டுக்குள் கல் சிக்கிக்கொண்ட மாதிரி. ஆனால் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "நான் குறட்டை விடறதில்ல. பக்கத்து வீட்ல யாரோ விடறாங்க, உனக்கு அது நான்னு தோணுது" என்பார். பக்கத்து வீட்டில் அப்போது இருந்தது ஒரு நர்ஸ் அம்மா.

எல்லாம் ஒரு மனையில் தொடங்கியது. குவார்ட்டர்ஸ் என்றைக்கும் நம்முடையது அல்ல. ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் நகரியத்துக்காரர்கள் கையில் கொஞ்சம் சேர்ந்ததும் வெளியே மனை வாங்கிப் போடுவார்கள். நாங்களும் வாங்கினோம். ஒரு மூலையில் பலா மரம், மீதி இடம் முழுக்க முள். வீடு கட்ட இன்னும் பல வருஷம் ஆகும் என்று வேலியைப் போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

பேரூராட்சிக்கு அந்தப் பொறுமை இல்லை. நகரியத்துக்காரன் மனை வாங்கினால் வீடு கட்டாமல் விடமாட்டான் என்று நினைத்தார்களோ என்னவோ, முன்கூட்டியே கதவு எண் கொடுத்துவிட்டார்கள். கதவு இல்லையே, எண்ணை எங்கே எழுதுவது? பலா மரத்தில் தாரால் எழுதிவிட்டார்கள். அடுத்தபடி வீட்டு வரி வந்தது. முதல் வருஷம் நாங்கள் சிரித்தோம். அடுத்த வருஷம் பாக்கியும் அபராதமும் சேர்ந்து வந்தபோது அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார்.

அவர் எழுதிய மனுவை நான் படித்துப் பார்த்துத்தான் தபாலில் போட்டேன். தடுத்திருக்கலாம். ஆனால் நன்றாக இருந்தது. "மேற்படி வீட்டில் தற்சமயம் கட்டெறும்புகள் குடியிருக்கின்றன. அவை வாடகை கொடுப்பதில்லை. தாங்கள் வசூலித்துக் கொடுத்தால் அதிலிருந்து வரியைச் செலுத்தச் சித்தமாக இருக்கிறேன். மேலும் வீட்டுக்கு எத்தனை அறைகள் என்று கணக்கிட்டீர்கள் என்பதைத் தெரிவித்தால், சீசனில் அறைக்கு எத்தனை பழம் என்று பார்க்க வசதியாக இருக்கும்." இப்படி ஒரு பக்கம்.

அங்கே நிர்வாக அதிகாரியாக இருந்தவருக்கும் கவுன்சிலர் ஒருவருக்கும் ஏற்கெனவே ஆகாது. அந்தக் கவுன்சிலர் கையில் மனு எப்படியோ கிடைத்து, கூட்டத்தில் எழுந்து நின்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்துவிட்டாராம். கட்டெறும்பு வரியில் கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லையாம். அன்றிலிருந்து அவருக்கு எங்கள் மேல் கண்.

அதற்குப் பிறகு பில் கலெக்டர் எங்கள் குவார்ட்டர்ஸைத் தேடிக்கொண்டு வந்தார். வந்ததெல்லாம் முன்பகலில். என் வீட்டுக்காரர் நைட் ஷிப்டில் இருந்த வாரமாகப் பார்த்து வந்தது பில் கலெக்டரின் நேரமா எங்கள் நேரமா என்று தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில். வாசலில் பூட்டு. வந்தார், பார்த்தார், போனார். திரும்பவும் வந்தார், பார்த்தார், போனார். யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒருநாள் மதியம் பள்ளி விட்டு வந்தால் வாசலில் நர்ஸ் அம்மா நிற்கிறார். எங்கள் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. கோர்ட் முத்திரை. படித்தேன். ஒரு தடவை படித்துப் புரியவில்லை, இன்னொரு தடவை படித்தேன். இன்னார் பேரூராட்சிக்குச் செலுத்த வேண்டிய பாக்கியைச் செலுத்தாமல், வசூலுக்கு வருபவர்களைத் தவிர்க்கும் பொருட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு தலைமறைவாகிவிட்டபடியால், அவரைத் திவாலானவர் என்று அறிவிக்க வேண்டுமென்று பேரூராட்சி கோர்ட்டில் கேட்டிருக்கிறது.

பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். தலைமறைவானவர் மல்லாக்கப் படுத்து வாயைத் திறந்து வைத்திருந்தார்.

"ஏனுங்க, எந்திரிங்க. நீங்க ஓடிப்போயிட்டீங்களாமா" என்றேன்.

"எங்க?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"அது எழுதலைங்க."

"என்ன புள்ள உளர்றே? நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து படுத்திருக்கறவனை எழுப்பி..." என்றவர், என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு அவர் சொன்னது வரியைப் பற்றி அல்ல, வழக்கைப் பற்றி அல்ல. "சங்கத்துல தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றார்.

என்ன ஆகும் என்று மறுநாளே தெரிந்தது. நர்ஸ் அம்மா நல்லவர்தான், ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, அங்கே ஒரு வார்த்தை சொன்னால் நகரியத்துக்கே சொன்ன மாதிரி. நம்மூரில் திவால் என்றால் மஞ்சள் நோட்டீஸ். கதவில் ஒட்டியிருந்தது வெள்ளைத் தாள். ஆனாலும் பிளாக் முழுக்க அதை மஞ்சளாகத்தான் பார்த்தது. திவால் வழக்கு முடியும் வரை அவர் யாருக்கும் ஜாமீன் போட முடியாது என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். விதி அப்படியாம். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "விதின்னா விதிதானே" என்றார். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

கடலூரில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். சின்ன வயசு. மேஜை மேல் எந்நேரமும் பண்ருட்டி முந்திரி ஒரு தட்டு. அதிலிருந்து எடுத்து மென்றுகொண்டே காகிதத்தைப் படித்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"வரி பாக்கின்னா ஜப்தி பண்ணுவாங்க, சாமானைத் தூக்கிட்டுப் போவாங்க. திவாலாக்கப் பாத்த பஞ்சாயத்தை இப்பதான் பாக்கறேன். சார், அவங்களை என்ன பண்ணீங்க?" என்றார்.

"ஒரு மனு போட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர் அடக்கமாக.

முதல் வழக்கு சப்பென்று முடிந்துவிட்டது. மாதம் தவறாமல் சம்பளம் வாங்குகிறவர், அந்த மாதம் ஒரு ஷிப்ட் தவறாமல் போனவர், எப்படித் தலைமறைவு? கோர்ட்டில் ஆளே வந்து நிற்கிறாரே? பேரூராட்சித் தரப்பில் வலுவாகப் பேச ஒன்றும் இல்லை. மனு தள்ளுபடி. வெளியே வந்து ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்தோம். விட்டது சனி என்று நான் நினைத்தேன்.

விடவில்லை. சங்கத்தில் தடை நீங்கிவிட்டது, ஆனால் யாரும் வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, இன்னொரு மாதம் போயிற்று. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் வாசலைத் தாண்டி இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒருவரிடம் போய்க் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அந்த ஆளுக்கு ஒழுங்காகக் கையெழுத்துப் போடவே வராது. கிறுக்கல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த பாய் ஒருவர் உண்டு. பண்ருட்டிக்காரர். நகரியத்துக்கு வந்த நாளிலிருந்து இவருக்கு உயிர்ச் சிநேகிதர். அவருடைய எல்லாக் கடனுக்கும் இவர்தான் ஜாமீன். ஒருநாள் சாயந்திரம் வந்தார். எங்களுக்கு ஏக சந்தோஷம். காப்பி போட்டேன். மழையைப் பற்றிப் பேசினார், பலாப்பழ விலையைப் பற்றிப் பேசினார், பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசினார். சட்டைப் பையில் சங்கத்துக் கடன் விண்ணப்ப பாரம் மடித்து இருந்தது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அவர் கை ஒரு தடவை பைப் பக்கம் போய், மேல் பட்டனைத் தொட்டுவிட்டு இறங்கியது. "அப்ப வரேண்ணே. வரேன் அண்ணி" என்று எழுந்து போய்விட்டார்.

இவர் வாசலைப் பார்த்துக்கொண்டே, "பாய் மேல தப்பில்ல. அவருக்குக் கடன் அவசரம். மஞ்ச நோட்டீஸ்காரன் கையெழுத்தைக் கொண்டுபோயி, சங்கத்துல எதுனா சொல்லிட்டா?" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை. நான்தான் பாயைத் துரத்திக்கொண்டு போய் நாலு வார்த்தை கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, "அவங்க மேல கேஸ் போடப் போறேன்" என்றார்.

"பாய் மேலயா?" என்றேன் பதறிப்போய்.

"பஞ்சாயத்து மேல. நான் திவால் இல்லைன்னு கோர்ட் சொல்லிடுச்சு. சரி. என்னைத் திவால்னு சொன்னது கெட்ட எண்ணத்துலதான்னு இன்னும் யாரும் சொல்லலையே. அதைச் சொன்னாத்தான் ஊர் நம்பும்."

வக்கீல் முந்திரித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு எங்களுக்குப் புரியும்படி சொன்னார். "கெட்ட நோக்கத்தோட வழக்கு போட்டாங்கன்னு நஷ்ட ஈடு கேக்கலாம் சார். அவங்க வழக்கு போட்டாங்க, அது தோத்துடுச்சு. இது ரெண்டும் கையில இருக்கு. நியாயமான காரணம் இல்லாம போட்டாங்க, கெட்ட எண்ணத்துல போட்டாங்க. இது ரெண்டையும் நிரூபிக்கணும். வீடு பூட்டியிருந்துச்சு, ஆள் இல்லைன்னு நம்பிட்டோம்னு அவங்க சொல்லிட்டா நாம என்ன பண்றது?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அதெப்படிங்க நம்புவாங்க? வாசல்ல வந்து நின்னா உள்ள இருக்காருன்னு தெரியாதா? தெருமுனைக்கே கேக்குமே!" என்றேன்.

"எது கேக்கும்?"

"குறட்டை."

வக்கீல் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நான் குறட்டை விடறதில்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேஸுக்காக விடுங்க சார்" என்றார் வக்கீல்.

வழக்குப் போட்டாயிற்று. வக்கீல் ஒரு கண்டிஷன் போட்டார். முடியும் வரை வெளியே பூட்டுப் போடக் கூடாது, எதிர்த்தரப்பு வந்து பார்த்துவிட்டு இன்னொரு கதை கட்டக் கூடாது. அதோடு என் வீட்டுக்காரருடைய பகல் தூக்கம் போயிற்று. பூட்டு இல்லாத கதவு என்றால் தட்டலாம் என்று அர்த்தம். கீரை வந்தது, உப்பு வந்தது, சாணை பிடிப்பவர் வந்தார், பழைய பேப்பர்காரர் வந்தார். நான் ஒரு அட்டையில் "நைட் ஷிப்ட், எழுப்ப வேண்டாம்" என்று எழுதிக் கதவில் மாட்டினேன். அது இன்னும் மோசம். எப்போது எழுந்திருப்பார் என்று கேட்பதற்காகக் கதவைத் தட்டினார்கள். லுங்கியோடு வெளியே வந்து அவர் போடும் சத்தத்தில் பேப்பர்காரர் தராசை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். வேலைக்குப் போனால் அங்கே கண்ணைச் சொருகும். கண்ணெல்லாம் சிவந்து, ஆள் பாதியாய் இளைத்துப்போனார்.

வாய்தா மேல் வாய்தா. காடாம்புலியூர் வழியாகப் பண்ருட்டி போய், பஸ் மாறிக் கடலூர் போவோம். போனால் இன்றைக்கு நீதிபதி லீவு, இன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஜுரம். சீசனில் பஸ் முழுக்கப் பலாப்பழ வாசனை. "நம்ம வீடு இந்த வருஷம் நல்லாக் காய்ச்சிருக்குமோ?" என்பார். அந்த மரத்தை நாங்கள் வீடு என்றே சொல்லப் பழகிவிட்டோம்.

கடைசியில் ஒருநாள் விசாரணைக்கு வந்தது. பேரூராட்சி எழுதிக் கொடுத்த பதிலில், பில் கலெக்டர் கொடுத்த அறிக்கையை நம்பித்தான் வழக்குப் போட்டோம், தவறு இருந்தால் அவருடையது என்று இருந்தது. நிர்வாக அதிகாரி ஒன்றும் தெரியாத பாவனையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் என் வீட்டுக்காரர் கூண்டில் ஏறினார். சத்தியம் செய்தார். நம் வக்கீல் எல்லாவற்றையும் பக்குவமாகக் கேட்டுக்கொண்டு வந்து, கடைசியில் கேட்டார். "நைட் ஷிப்ட் முடிந்து தூங்கும்போது தங்களுக்குக் குறட்டை விடும் பழக்கம் உண்டா?"

பஸ்ஸில் வரும்போது அத்தனை தடவை சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தேன். மண்டையை மண்டையை ஆட்டினார். கூண்டில் நின்றுகொண்டு, நிமிர்ந்து, நெஞ்சை நீட்டிக்கொண்டு, "இல்லைங்க ஐயா" என்றார்.

வக்கீல் முகம் வெளிறிப்போயிற்று. எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து போய் அவர் காதைப் பிடித்து இழுத்து வர வேண்டும் போல இருந்தது. மானம் போயிற்று என்று வழக்குப் போட்டவர், இதனால் மானம் போய்விடும் என்று வழக்கையே தோற்கப் பார்க்கிறார்!

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். அதே கேள்வி. "விடுவாருங்க" என்றேன். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் குதித்து எழுந்தார். "கணவர் இல்லை என்கிறார், நீங்கள் ஆமாம் என்கிறீர்கள். யார் சொல்வது பொய்?"

"தூங்கறவருக்கு எப்படிங்க தெரியும்? முழிச்சுட்டு இருக்கறவங்களைத்தான் கேக்கணும்."

நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். எழுதினாரா, சிரிப்பை மறைத்தாரா என்று தெரியவில்லை.

"உங்கள் கணவரை ஒளித்து வைக்கத்தானே கதவை வெளியே பூட்டினீர்கள்?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல் விடாமல்.

"இந்த மனுசனை ஒளிச்சு வெக்க முடியுங்களா? பூட்டுப் போட்டா ஆள்தான் தெரிய மாட்டார். சத்தம் தெரியுமே. எங்க பிளாக்ல பூட்டுத் தொங்கினா உள்ள ஒருத்தர் தூங்கறார்னு சின்னக் குழந்தைக்கும் தெரியுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என்னோடு பேசவில்லை. பண்ருட்டியில் பஸ் மாறும்போது பையை மட்டும் வாங்கிக்கொண்டார். வீடு வந்ததும், "ஊரைக் கூட்டிச் சொல்லிட்டே" என்றார். "ஆமாங்க, சொல்லிட்டேன். குறட்டை விடறவர் கையெழுத்துச் செல்லாதுன்னு சங்கத்துல எதும் விதி இருக்குதுங்களா?" என்று கேட்டேன். ராத்திரி ஷிப்டுக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாய்தாவில் பில் கலெக்டர் சாட்சி. அந்த ஊர்ப் பக்கத்துக்காரர். வெயிலில் சைக்கிள் மிதித்தே கருத்துப்போன ஆள். பழி முழுவதும் தன் தலையில் விழுந்திருக்கிறது என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது போலும். முகம் கடுகடுவென்று இருந்தது. நம் வக்கீல் பணிவாகத்தான் ஆரம்பித்தார்.

"வீடு பூட்டியிருந்ததை நீங்கள் பார்த்தீர்களா?"

"பாத்தேங்க. வூடு பூட்டிகினுதான் இருந்துச்சு."

"உடனே திரும்பிவிட்டீர்களா?"

"இல்லீங்க. சைக்கிள நிறுத்திட்டு வாசல்ல கொஞ்ச நேரம் ஒக்காந்தேன். வெயிலுங்க."

"அப்போது ஏதாவது சத்தம் கேட்டதா?"

பில் கலெக்டர் முன்வரிசையைப் பார்த்தார். நிர்வாக அதிகாரி கூரையைப் பார்த்தார். பில் கலெக்டர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுச்சுங்க. உள்ள யாரோ கொறட்ட வுட்டுகினு இருந்தாங்க. மொதல்ல நான் மாவு மிஷின்னு நெனச்சேன்."

கோர்ட்டே சிரித்தது. டவாலி சிரித்தார், நீதிபதி சிரித்தார், எதிர்த்தரப்பு வக்கீலின் ஜூனியர்கூடச் சிரித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"இதை உங்கள் அதிகாரியிடம் சொன்னீர்களா?" என்று வக்கீல் கேட்டபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

"சொன்னேங்களே. ஆளு உள்ளதான் தூங்கிகினு இருக்காரு, நைட் ஷிப்ட்டு போல, சாயந்திரமா போயி பாக்கறேன்னு சொன்னேன். கொறட்டையெல்லாம் எழுத முடியாது, பூட்டிகினு ஓடிட்டான்னு எழுது, எறும்புகிட்ட வாடக வாங்கச் சொன்னவன் கோர்ட்டுல வந்து நிக்கட்டும்னாருங்க. அவரு சொன்னாரு, நான் எழுதுனேன். இப்ப எல்லாத்தையும் எந் தலையில வெச்சா நான் இன்னாங்க பண்றது?"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார், உட்கார்ந்தார். நம் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தார். தேடிக்கொண்டிருந்த கெட்ட எண்ணம் தானாகவே வந்து கூண்டில் ஏறி நின்றுவிட்டது.

தீர்ப்பு எங்கள் பக்கம். நியாயமான காரணம் இல்லாமல், கெட்ட நோக்கத்தோடு, வாதியை அவமானப்படுத்தவே பேரூராட்சி திவால் வழக்குப் போட்டது என்று நீதிபதி எழுதியிருந்தார். நஷ்ட ஈடாகக் கொடுத்தது வக்கீலுக்கும் பஸ்ஸுக்கும் சரியாய்ப் போயிற்று. அதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. பலா மரத்தின் வரியையும் நீக்கிவிட்டார்கள், ஆனால் மரத்தில் எழுதிய எண்ணை மட்டும் யாரும் அழிக்கவில்லை. தீர்ப்பின் நகலை வாங்கி வந்து அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். "வாதி உரத்த குறட்டை விடும் பழக்கம் உடையவர் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று இருந்தது. அந்தப் பக்கத்தை மடித்துவிட்டு மற்றப் பக்கங்களை மட்டும் பாய்க்குக் காட்டினார்.

மறுநாள் அவர் தூங்கப் போனதும் பழைய பூட்டைத் தேடி எடுத்தேன். துருப்பிடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகிச் சரிசெய்து கதவில் தொங்கவிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். வெகு நாளைக்குப் பிறகு மனிதர் நிம்மதியாகத் தூங்கினார். ஆனாலும் கையெழுத்துக்கு யாரும் வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. தீர்ப்பு வந்தும் இப்படியா என்று என் மனசுக்குள் மட்டும் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

சில வாரம் போயிருக்கும். மதியம் பள்ளி விட்டு வந்தால், எங்கள் வாசற்படியில் பாய் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு லீவு போட்டிருந்தாராம். சட்டைப் பையில் மடித்த பாரம்.

"வந்து நேரமாச்சுங்களா? பின்பக்கமாப் போயிக் கூப்பிட்டிருக்கலாமே" என்றேன்.

"எதுக்கு அண்ணி? அண்ணன் உள்ள இருக்காருன்னு தெரியுதே" என்று கதவைக் காட்டினார். கதவு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. "தூங்கட்டும். எழுந்ததும் வாங்கிக்கறேன்."

நான் பூட்டைத் திறக்கவில்லை. புடவையைச் சேர்த்துக்கொண்டு அவருக்கு அடுத்த படியில் உட்கார்ந்துவிட்டேன். கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன். பாய் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வேப்ப மரத்தைப் பார்த்தார். உள்ளே குறட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்த சத்தம் கேட்டதும் பூட்டைத் திறந்தேன். பாயைப் பார்த்தார். பாய் பையிலிருந்து பாரத்தை எடுத்து நீட்டினார். இவர் முகம் கழுவிக்கொண்டு வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்தார். நான் காப்பி போட்டு ஆற்றி எடுத்து வந்தபோது அவர் இனிஷியலில்தான் இருந்தார். முழுப்பெயரையும் எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்து, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "பாய், ரொம்ப நேரம் வாசல்லயா இருந்தீங்க? உள்ளேருந்து ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். "இல்லையேண்ணே" என்றார்.

இவர் அடுத்து என் பக்கம் திரும்பினார். நான் கோர்ட்டில் சத்தியம் செய்து சாட்சி சொன்னவள்.

"ஒண்ணும் கேக்கலைங்க. நீங்க காப்பியைக் குடிங்க" என்றேன்.